ஒரு கினி சம்பளம்

சென்னையில் பெசன்ட் நகர் என்று பலகை மாட்டிய பேருந்தில் ஒரு முறையாவது ஏறாதவர்கள் நம்மில் குறைவு. அன்னி பெசன்ட் அம்மையார் பெயரால் அமைந்த பகுதி அது என்பதும் தெரிந்ததே. ஆனால் பெசன்ட் என்பது அம்மையார் பிறந்த வீட்டுப் பெயரல்ல. அவரைக் கைப்பிடித்தவன், பிறகு அவர்மீதே கை நீட்டியவன், அவனுடைய பெயர் அது. அவனைவிட்டு வெளியேறிய பிறகும் அறுபது ஆண்டுகள் அந்தப் பெயரைச் சுமந்தே வாழ்ந்தார்.

அம்மையாருக்கும் நமக்கும் ஒத்துவராது என்பது ஊரறிந்த செய்தி. 1916-இல் அவர் ஹோம் ரூல் கொடியை உயர்த்தினார். அதே ஆண்டில் பிறந்த நீதிக்கட்சி அவரை எதிர்த்து நின்றது. டாக்டர் நாயரின் பேனா அவரை எப்படி விரட்டியது என்பதைப் பழைய தோழர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கை இன்று நான் திறக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால் அடையாற்றுக்கு வருமுன் அவருக்கு வேறொரு வாழ்வு இருந்தது. மாற்றார் என்பதற்காக அதை மறைத்துவைப்பது நமக்கு அழகல்ல. மேலும், அந்த வாழ்வில் நம் வீட்டுச் செய்தியும் இருக்கிறது.

1847 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் அன்னி உட். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய், ஹாரோ பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பெண்ணுக்குப் படிப்பு கிடைத்தது, பக்தியும் கிடைத்தது. உலகம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. 1867 டிசம்பரில், இருபது வயதில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு மணமுடித்து வைத்தார்கள். கடவுளுக்குத் தொண்டு செய்யும் வீட்டிற்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனாள் பெண். மனைவி என்பவள் சொன்னதைச் செய்யப் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தான் கணவன்.

மணமான புதிதிலேயே அம்மையார் சிறுகதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். 30 ஷில்லிங் வந்தது. தம் உழைப்பில் வந்த முதல் காசு! அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் சட்டம் குறுக்கே வந்தது. அன்றைய இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்தது கணவனுக்கே சொந்தம். அவள் கையால் எழுதியதானாலும் காசு அவனுடையது. சம்பளம் மனைவிக்கே உரியது என்று சட்டம் வந்தது 1870-இல். சொத்தும் அவளுக்குரியது என்று ஆனது 1882-இல். நாகரிகத்தின் நடுவீடு என்று மார்தட்டிக்கொண்ட நாட்டின் நிலை அது!

1869-இல் மகன் டிக்பி, 1870-இல் மகள் மேபல் பிறந்தார்கள். இடையிலேயே அடி விழத் தொடங்கிவிட்டது. கணவன் அடித்தான், தள்ளினான், துப்பாக்கியைச் சொல்லி மிரட்டினான் என்று பிற்காலத்தில் வழக்கு மன்றத்தில் அம்மையார் குற்றஞ்சாட்டினார். ஆனால் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தாங்கள் இருவரும் ஒத்துவராத இணை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அடிபட்டவர்கள் பேசும் முறையே அப்படித்தான். நம் தெருவிலும் முகத்தில் வீக்கத்தோடு வரும் பெண், படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதானே சொல்கிறாள்?

1871-இல் கைக்குழந்தை மேபல் கக்குவான் இருமலில் விழுந்து, சாவின் வாயிலுக்குப் போய்த் திரும்பினாள். மூச்சுக்குத் திணறும் குழந்தையைப் பல வாரம் மடியில் வைத்துக் காத்த தாய்க்கு ஒரு கேள்வி பிறந்தது. அன்பே வடிவான ஆண்டவன் இந்தச் சிசுவை ஏன் இப்படி வதைக்க வேண்டும்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. வீட்டில் அடி, உள்ளத்தில் புயல். உயிரை விட்டுவிடலாம் என்றும் ஒரு நாள் நினைத்தார். அந்த நினைப்பைக் கோழைத்தனம் என்று உதறி எழுந்தார்.

1872-இல் கணவனுக்கு லிங்கன்ஷயரில் சிப்சி என்ற ஊரில் கோயில் பொறுப்பு கிடைத்தது. கிடைக்கச் செய்தது யார் தெரியுமா? மனைவியின் உறவினரான பெரிய மனிதர்! மனைவியின் சொந்தம் வேண்டும், மனைவியின் சம்பாத்தியம் வேண்டும். அவள் சிந்தனை மட்டும் வேண்டாம். சிப்சியில்தான் அம்மையார் உழவுத் தொழிலாளர் வாழ்வைக் கண்ணால் கண்டார். சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக எந்தப் பண்ணையிலும் வேலை கிடைக்காமல் பட்டினி கிடந்த குடும்பத்தைப் பார்த்தார். அந்தப் பாடம் அவருக்குப் பின்னால் உதவிற்று.

நம்பாததை நம்புவதாக நடிக்க அவரால் முடியவில்லை. கோயிலில் திருவிருந்துச் சடங்கு தொடங்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். பாதிரியாரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை போலும் என்று ஊரார் அனுதாபத்தோடு நலம் விசாரித்தார்கள்! வேறு காரணம் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இங்கே ஒரு காட்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1873-இல் ஒரு நாள், இசைப் பயிற்சிக்காக ஆளில்லாத அந்தக் கோயிலுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார் அம்மையார். எதிரே வெறும் இருக்கைகள். கணவன் நின்று பேசும் மேடை காலியாக இருந்தது. ஏறிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது, ஏறினார். பேசினார். கேட்பவர் எவருமில்லை, சுவர்கள் மட்டும் எதிரொலித்தன. தம்மால் பேச முடியும் என்று அன்றுதான் தமக்கே தெரிந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவையும் இந்தியாவையும் கேட்க வைத்த அந்தக் குரல், முதலில் ஒலித்தது பூட்டிய அறையில்!

அந்த ஆண்டே முடிவு வந்தது. அம்மையார் உடல்நலம் குன்றி இலண்டனில் இருந்தபோது கணவன் ஆணையிட்டான்: திருவிருந்துக்கு வா, இல்லையேல் வீட்டுக்கு வராதே. பொய்யாக மண்டியிட்டால் வீடு உண்டு, உணவு உண்டு, பாதிரியார் மனைவி என்ற மரியாதை உண்டு, இரண்டு குழந்தைகளும் உண்டு. மறுத்தால் ஒன்றும் இல்லை. அவர் மறுத்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

மணவிலக்கு? அன்றைய சட்டப்படி, மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கு அது போதாது. கணவன் தவறவும் வேண்டும், அதோடு கொடுமையும் செய்திருக்க வேண்டும். ஆகவே பிரிந்து வாழும் ஒப்பந்தம் எழுதினார்கள். மகள் தாயிடம், மகன் தந்தையிடம், சிறு தொகை ஜீவனாம்சம். தங்குவதற்கு அண்ணன் இடம் தர முன்வந்தார், ஒரு நிபந்தனையோடு. புதிய கொள்கைகளை வாயைத் திறந்து பேசக்கூடாது, அந்தக் கூட்டத்தாரோடு சேரக்கூடாது என்றார். ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கா என்று அதையும் தள்ளினார்.

துணிச்சல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். துணிச்சல் வீட்டு வாசலைத் தாண்ட வைக்கும். மறுநாள் காலை அடுப்பெரிக்க அது போதாது. தையல் வேலை எடுத்தார். சில ஷில்லிங்தான் தேறியது. போக்ஸ்டனில் ஒரு பாதிரியார் வீட்டில், தமக்கும் குழந்தைக்கும் சோறும் இடமும் கிடைத்தால் போதும் என்று வேலைக்குச் சேர்ந்தார். பாடம் சொல்லிக் கொடுத்தார், சமையல் செய்தார், நோயில் விழுந்த பிள்ளைக்குப் பணிவிடை செய்தார். 1874 மே மாதம் தாயும் மறைந்தார். பகல் வேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் படிக்கப் போகிறேன் என்பார். படிப்பும் உண்மை, மதியச் சாப்பாட்டுக் காசு மிச்சம் என்பதும் உண்மை. அந்தப் பட்டினியைப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே எழுதினார்.

1874 ஆகஸ்டில்தான் வழி திறந்தது. பகுத்தறிவுப் பகலவன் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்தார். தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தில் சேர்ந்தார். பிராட்லா தம் நேஷனல் ரிபார்மர் ஏட்டில் வாரம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சம்பளத்தில் வேலை கொடுத்தார். பெரிய பணமல்ல. ஆனால் கணவன் பறிக்க முடியாத பணம். இரக்கத்தால் போட்ட பிச்சையுமல்ல, எழுத்துக்குக் கூலி. ஓடிவந்த பெண்ணைப் பார்த்து ஐயோ பாவம் என்றவர்கள் பலர். உனக்கு எழுதத் தெரியும், உட்கார்ந்து எழுது என்று சொன்ன இயக்கம் ஒன்றுதான். அதே மாதத்தில் முதன்முறை பொதுமேடை ஏறினார். எடுத்துக்கொண்ட தலைப்பு, பெண்களின் அரசியல் நிலை.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. 1877-இல் குடும்பக் கட்டுப்பாட்டு நூலொன்றை வெளியிட்டதற்காகப் பிராட்லாவும் அம்மையாரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஆறு மாதச் சிறை, 200 பவுன் அபராதம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கத்தால் அது அடிபட்டது. ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கொரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னது குற்றம்! பின்னாளில் பெரியார் கர்ப்பத் தடையைப் பேசியபோது இங்கே எழுந்த கூச்சல் நினைவுக்கு வருகிறதா?

வாய்ப்புக்காகக் காத்திருந்தான் கணவன். நாத்திகம் பேசுகிறாள், ஆபாச நூல் வெளியிட்டாள், இவளிடம் என் மகள் வளரலாமா என்று 1878-இல் வழக்குப் போட்டான். நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அவன் பக்கம் தீர்ப்பளித்தார். எட்டு வயதுகூட நிரம்பாத மேபல், கதறக் கதறத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள். அம்மையார் கடுங்காய்ச்சலில் விழுந்தார். கொடுமையைக் காட்டி நீதிமன்றத்தின் மூலம் பிரிவு கேட்டால், 1873 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே பழையதை மன்னித்துவிட்டாய் என்றது சட்டம். வேடிக்கை கேளுங்கள்: மனைவியைக் கடுமையாக அடித்துத் தண்டனை பெற்றவனிடமிருந்து அவளைப் பிரித்துவைத்து ஜீவனாம்சம் வாங்கித்தரும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது அதே 1878-இல்தான்!

நம் நாட்டில்? 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் சொத்துரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைத் தடுக்க மத்திய அரசின் சட்டம் வர 2005 ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது, சரி. மாலையில் ஆலை வாயிற்கூட்டத்தில் முதலாளியின் அடக்குமுறையைக் கண்டித்துத் தொண்டை வறளப் பேசிவிட்டு, இரவு குழம்பில் உப்பில்லை என்று கை ஓங்கும் தோழர் ஒருவரும் நம்மில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அந்தத் தோழருடைய வீட்டில் அவர்தான் முதலாளி. அவருடைய மனைவிக்குச் சங்கம் இல்லை.

மகளை இழந்த தாய் முடங்கிவிடவில்லை. 1879-இல் இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார், அறிவியல் படித்தார். 1888 ஜூனில், பிரயன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையை எழுதினார். வாரம் 4 ஷில்லிங் வாங்கும் சிறுமிக்கு, கால் அழுக்காயிருந்தால் அபராதம், பேசினால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் நஞ்சால் தாடை எலும்பு அழுகும் நோய். பங்குதாரருக்கோ நூற்றுக்கு இருபதுக்குமேல் இலாபம்! எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் தொழிலாளர்களை மிரட்டியது. பெண்கள் மறுத்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தத்தை அம்மையார் தூண்டிவிடவில்லை. அந்தப் பெண்களே இறங்கினார்கள். நிதி திரட்டுவதும், பாராளுமன்றம் வரை கொண்டுபோவதும் அவர் பணியாயிற்று. இரண்டு மூன்று வாரத்தில் அபராதம் ஒழிந்தது, சங்கம் பிறந்தது. பொய்யில் கையெழுத்திட மறுப்பதன் விலை என்ன என்று, பதினைந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்துகொண்டவரல்லவா அவர்!

அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் பள்ளிக் குழுத் தேர்தலில் வென்றார். பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் உணவு வேண்டும் என்று போராடினார். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியின் தியாகராயர் மதிய உணவைத் தொடங்கினார். மாற்று முகாம்களில் நின்ற இருவரும் பசித்த பிள்ளையின் தட்டருகே ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே பிரம்மஞானத்துக்குப் போய்விட்டார். நமக்கு வருத்தந்தான். 1893-இல் இந்தியா வந்தார். தம் மகளை நீதிமன்றத்தில் பறிகொடுத்த அதே அம்மையார், ஜே. கிருஷ்ணமூர்த்தியை வளர்க்கும் உரிமைக்காக அந்தப் பிள்ளையின் தந்தையோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடியதை என்னவென்று சொல்வது! மனித மனம் அப்படி. 1917-இல் காங்கிரஸ் தலைவரானார். அதே ஆண்டில் பிராங்க் பெசன்ட், சிப்சியின் பாதிரியாராகவே இறந்தான். சட்டத்தின் கண்ணில் அதுவரை அவர் அவனுடைய மனைவி.

1933 செப்டம்பர் 20-ஆம் நாள் அடையாற்றில் அம்மையார் மறைந்தார். பறிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில், பார்த்துவர அனுமதி மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளுக்கு வேதனையாகவே இருக்கக் கண்டு, அவர்கள் வளரும்வரை விலகி நிற்பதென்று முடிவு செய்தார். பத்தாண்டுக்குமேல் காத்திருந்தார். தந்தையின் பிடி தளர்ந்து, தம் விருப்பப்படி நடக்கும் வயது வந்ததும், டிக்பியும் மேபலும், இருவருமே, தாயிடம் வந்து சேர்ந்தார்கள்.