விதை தேடிய அறிஞர்

நிக்கோலாய் வாவிலோவ் 1887ஆம் ஆண்டு ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் வணிகரானவர். வாவிலோவ் சிறுவனாக இருந்தபோது, 1891ஆம் ஆண்டில், ரஷ்யாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. மழை பொய்த்ததால் வோல்கா ஆற்றுப் பகுதியில் பயிர்கள் கருகின. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பஞ்சமில்லாத உலகை உருவாக்குவதே பிற்காலத்தில் வாவிலோவின் இலட்சியமாயிற்று.

வேளாண்மைக் கல்வியை முடித்த அவர், 1917ஆம் ஆண்டு வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சராத்தோவ் நகரில் பேராசிரியரானார். அது வறட்சி அடிக்கடி தாக்கும் பகுதி. எங்கும் ஒரே வகைப் பயிரைப் பயிரிட்டால், ஒரு நோயோ வறட்சியோ விளைச்சல் முழுவதையும் அழித்துவிடக்கூடும். பல வகை விதைகள் இருந்தால், அவற்றுள் சிலவாவது தாக்குப்பிடிக்கும். வறண்ட நிலங்களில் வாழும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காத்துவந்த விதைகளில் அந்த ஆற்றல் இருப்பதை அவர் உணர்ந்தார்.

அவ்விதைகளைத் தேடி ஈரான், ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா எனப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். கரடுமுரடான மலைப்பாதைகளைக் கடந்து, வயல்களிலும் சந்தைகளிலும் தானியங்களைச் சேகரித்தார். அவரும் அவருடைய குழுவினரும் திரட்டிய ஏறக்குறைய 250,000 மாதிரிகள் லெனின்கிராட் நகரிலுள்ள ஆய்வுக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டன.

ஆயினும், அரசின் ஆதரவைப் பெற்ற லைசென்கோ என்பவரின் தவறான வேளாண் கொள்கைகளை வாவிலோவ் ஏற்க மறுத்தார். அதனால் 1940ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டார். பசியை ஒழிக்கப் பாடுபட்ட அம்மனிதர், 1943ஆம் ஆண்டு பசிக்கொடுமையால் சிறையில் இறந்தார். அவர் முன்பு பாடம் நடத்திய அதே சராத்தோவ் நகரில்தான் அச்சிறை இருந்தது.

இதற்கிடையில், 1941ஆம் ஆண்டு ஜெர்மானியப் படைகள் லெனின்கிராட்டை முற்றுகையிட்டன. உணவின்றி மக்கள் மடிந்தனர். ஆய்வுக்கழகத்தில் அரிசியும் கோதுமையும் நிலக்கடலையும் இருந்தன. எனினும், அங்குப் பணியாற்றியோர் அவற்றை உண்ணவில்லை. நெல் விதைகளைப் பாதுகாத்த டிமிட்ரி இவானோவ் உட்படப் பலர் பட்டினியால் உயிர்நீத்தனர். விதைகள் தப்பின.

வாவிலோவ் குற்றமற்றவர் என்று 1955ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இன்று அந்த ஆய்வுக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் விதை தேடிச் சென்ற எத்தியோப்பியாவில், உழவர்களே ஒன்றுசேர்ந்து சமூக விதை வங்கிகளை நடத்துகின்றனர். விதைப்புக் காலத்தில் விதையைக் கடனாகப் பெறுவோர், அறுவடைக்குப் பின் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தருகின்றனர். விதை தம் கையில் இருக்கும்வரை, மழை பொய்த்த ஆண்டுக்குப் பிறகும் அவர்களால் மீண்டும் விதைக்க முடியும். வாவிலோவ் தம் வாழ்நாள் முழுவதும் காக்க முயன்றதும் அந்த நம்பிக்கையைத்தான்.