பில்ஸ்னர் பீரைத் தந்த முரட்டு மனுஷன்!

பொன்னிறத்துல பளபளக்குற பில்ஸ்னர் பீரை சினிமாவுலயாவது பார்த்திருப்பீங்க. அதை முதல்ல காய்ச்சின ஜோசப் குரோலைத் தெரியுமா?

1813-ல் ஜெர்மனியின் பவேரியாவில், வில்ஸ்ஹோஃபன் ஊரில் பிறந்தவர். அப்பாவும் பீர் காய்ச்சுபவர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், இன்றைய செக் குடியரசில் இருக்கும் பில்சன் நகரத்தில் 1838-ல் 36 பீப்பாய் பீர் கெட்டுப்போய், தெருவில் கொட்டினாங்க. வெறுத்துப்போன ஊர்க்காரங்க ஒண்ணாச் சேர்ந்து புது ஆலை கட்டி, குரோலை வேலைக்கு அழைச்சாங்க.

குளிர்ந்த நிலவறையில் மெதுவா நொதிக்கவைக்கிறது பவேரிய முறை. அதோட பில்சனின் மென்மையான தண்ணீர், உள்ளூர் ஹாப்ஸ் பூ, இளஞ்சூட்டில் உலர்த்திய பார்லி முளை எல்லாத்தையும் சேர்த்தார். பீர்னாலே பெரும்பாலும் கறுத்துக் கலங்கலா இருந்த காலம் அது. 1842 அக்டோபர் 5-ல் அவர் காய்ச்சியதோ பொன்னிறமா, தெளிவா வந்துச்சு!

ஆனா, ஆள் முரட்டுப் பேச்சுக்காரர். 1845-ல் ஒப்பந்தம் முடிஞ்சதும் ஆலை அதைப் புதுப்பிக்கலை. ஊர் திரும்பி அப்பாவோட ஆலையை நடத்தினார். 1887-ல், மதுக்கூடத்தில் வழக்கமா உட்காரும் மேஜையிலேயே உயிர் பிரிந்தது.

இன்னிக்கு உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் அவர் வழியில்தான் பீர் காய்ச்சுது. பில்ஸ்னர்ங்கிற பேர் மட்டும் ஊருக்குப் போயிடுச்சு. காய்ச்சினவர் பேரை நீங்களாவது ஞாபகம் வெச்சுக்கோங்க!