மூளைக்குக் காவல் நின்றவர்

நுழையும்முன்

கை முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். மூளை அதிர்ந்தால் தெரியாது. தலையில் அடிபட்டவர் எழுந்து நிற்பார், பேசுவார், நடப்பார். அதனாலேயே அவருக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். தலைக்காயம் பேணும் மருத்துவத்தைச் சென்னையில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் பா. இராமமூர்த்தி. அவர்தம் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் பாலசுப்பிரமணியம் அரசு மருத்துவர். திருச்சிராப்பள்ளியில் பள்ளிக்கல்வி பெற்ற இராமமூர்த்தி, தந்தையார் சென்ற வழியிலேயே சென்று சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அந்நாளில் நம் நாட்டில் மூளை அறுவை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. தலையில் அடிபட்டு வருவோரைப் பொது அறுவை மருத்துவர்களே கவனித்து வந்தனர். அத்துறையை முறையாகக் கற்க விரும்பியவர் கடல் கடந்தே ஆகவேண்டும்.

கடல் கடந்து பெற்ற பயிற்சி

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நியூகாசில், அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் துறைகளும் சூழ்ந்திருந்த நகரம். அங்கே ரோபாதம் என்னும் அறுவை மருத்துவரிடம் இராமமூர்த்தி பயிற்சி பெற்றார். ரோபாதம் தலைக்காயங்களைப் பற்றி 1942இல் விரிவான நூல் எழுதியவர். தலைக்காயம் உலகின் கவனத்தைப் பெற்றிருந்த காலம் அது. இரண்டாம் உலகப்போரின்போது மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசென்ற படைவீரர் பலர் தலையில் அடிபட்டு மாண்டனர். ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மருத்துவர் அவ்விறப்புகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை நிறுவினார். இன்று நாம் அணியும் தலைக்கவசத்தின் வரலாற்றில் அவ்வாய்வுக்குச் சிறந்த இடமுண்டு.

பின்னர் இராமமூர்த்தி கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குச் சென்று, மூளையின் எப்பகுதி எச்செயலை ஆள்கிறது என்று ஆராய்ந்து புகழ்பெற்ற வைல்டர் பென்பீல்டிடம் சில திங்கள் பயின்றார்.

சென்னையில் ஒரு தொடக்கம்

1949இல் வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கியிருந்தார். அதற்கடுத்த ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் இராமமூர்த்தி தம் பணியைத் தொடங்கினார்.

அன்று சிடி ஸ்கேன் இல்லை. உலகிலேயே முதன்முதலாக அக்கருவி நோயாளி ஒருவரைப் படமெடுத்தது 1971இல்தான். எக்ஸ்கதிர்ப் படம் மண்டையோட்டின் விரிசலைக் காட்டும். உள்ளே கட்டும் குருதியைக் காட்டாது. தலையில் அடிபட்டவர் சிலர் சற்று மயங்கித் தெளிவர், நன்றாகப் பேசுவர். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி கசிந்து கட்டக் கட்ட, சில மணி நேரத்தில் நினைவிழப்பர். அந்தத் தெளிவு, ஆபத்தை மறைக்கும் திரை. எனவே மருத்துவரும் செவிலியரும் நோயாளியின் நினைவுநிலை, கண்பாவையின் அளவு, நாடித்துடிப்பு, கை கால் அசைவு ஆகியவற்றை இடைவிடாமல் கவனிக்க வேண்டியிருந்தது. உரிய வேளையில் மண்டையோட்டில் துளையிட்டுக் குருதியை அகற்றினால் உயிர் பிழைக்கும். காலம் தாழ்ந்தால் பிழைப்பது அரிது.

தெரிந்து தெளிவோம்

தலையில் அடிபட்டவரின் நினைவுநிலையை எண்களால் குறிக்கும் முறையை, 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்தனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். மிகக் குறைந்த மதிப்பெண் 3.

துறையை வளர்த்த பெருந்தகை

ஒருவர் கைத்திறன் ஒரு மருத்துவமனைக்கே பயன்படும். ஒரு துறை உருவானால் நாடே பயன்பெறும். 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்த நால்வருள் இராமமூர்த்தியும் ஒருவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிலையம் அவர் முயற்சியால் வளர்ந்தது. இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவராகிய டி.எஸ். கனகா அங்கே அவருடன் பணியாற்றியவர். இராமமூர்த்தியும் டாண்டனும் இணைந்து பதிப்பித்த மூளை அறுவை மருத்துவப் பாடநூல் இந்திய மாணவர் பலருக்கு வழிகாட்டியது. நடுவணரசு 1973இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

எளியோரை நாடிய பணி

மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி எளிய மக்களுக்காக 1958இல் நிறுவிய தன்னார்வ நலப்பணி மருத்துவமனை, தென்சென்னையின் தரமணியில் உள்ளது. அங்கு ஆ. இலட்சுமிபதி பெயரிலான மூளை அறுவை மருத்துவ மையத்தை இராமமூர்த்தி உருவாக்கினார். இவ்வாறு நகரின் வடபால் அமைந்த அரசு மருத்துவமனையில் தொடங்கிய அவர் பணி, தென்பாலும் பரவியது.

சிறு மருத்துவமனையின் பெருங்கடமை

தரமணிக்கு மேற்கே பல்லாவரம், பொழிச்சலூர், தாம்பரம் எனப் புறநகர் இன்று விரிந்து கிடக்கிறது. இருசக்கர ஊர்திகளும் பெருகிவிட்டன. தலையில் அடிபட்டவர் முதலில் செல்லும் இடம் பெரும்பாலும் தெருமுனையில் உள்ள சிறு மருத்துவமனையே. அங்கு மூளை அறுவை மருத்துவர் இருக்க வேண்டியதில்லை. முறையான கவனிப்பு இருந்தால் போதும்.

பொழிச்சலூரில் பள்ளித் திடலில் விழுந்த மாணவி ஒருத்தி அத்தகைய மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். எப்போது, எவ்வாறு விழுந்தாள், நினைவிழந்தாளா என்பன முதலில் பதிவாக வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கடுமையாகும் தலைவலி, வலிப்பு, மிகுந்த உறக்கம், குழறும் பேச்சு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவை இல்லையெனில், வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை எழுதித் தர வேண்டும். மறுநாள் நலம் உசாவ வேண்டும்.

மூளை அதிர்ச்சியில் ஸ்கேன் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனினும் தலைச்சுற்றல், மறதி, ஒளியைக் காணக் கூசுதல் முதலியன சில நாள்களுக்கு நீடிக்கலாம். அடிபட்ட அன்றே மீண்டும் விளையாடுதல் கூடாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியாகப் படிப்புக்கும், பிறகு மருத்துவர் இசைவுடன் விளையாட்டுக்கும் திரும்ப வேண்டும்.

நிறைவாக

இராமமூர்த்தி 2003ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு, வழிநெடுகிலும் ஏற்றமே என்னும் பொருள்பட அவர் பெயரிட்டிருந்தார். கருவிகள் குறைந்திருந்த காலத்தில் கவனிப்பையே கருவியாக்கி வளர்ந்த துறை அவருடையது. தலையில் அடிபட்ட நண்பனைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மாணவரும் அக்கவனிப்பில் பங்கு கொள்பவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி மருத்துவரைக் கண்டு, தலையில் அடிபட்டவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி குறித்து வினவி, அறிந்தவற்றைத் தொகுத்து எழுதுக.
2. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளை விளக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றைத் தமிழில் உருவாக்கி, பள்ளி விளையாட்டுத் திடலருகே வைக்க.