மேஜர் சோமநாத சர்மா

பெரியோர் சரித்திரங்களை இப்பத்திரிகையில் வெளியிடுங்கால் நம்மவர் சரித்திரத்தையே முதற்கண் நாடுதல் வழக்கம். ஆயினும், நாட்டின்பொருட்டு உயிர் நீத்தார் எக்குலத்தவராயினும் யாவர்க்கும் உறவினரே என்பது நமது துணிபு. ஆதலின், பரம வீர சக்கரம் என்னும் உயரிய விருதை முதன்முதற் பெற்றவராகிய மேஜர் சோமநாத சர்மாவின் வரலாற்றை இம்மாதம் நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் மக்களுக்கும் எடுத்துரைக்க முற்பட்டோம்.

இவர் 1923-ஆம் வருடம் ஜனவரி மாதம் 31-ஆம் தேதி, காங்கிரா ஜில்லாவில் தாத் என்னும் ஊரினராகிய பிராமண குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் அமரநாத சர்மா ராணுவ வைத்தியராய் அமர்ந்து மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். தாய்மாமனாகிய கிருஷ்ண தத்த வாசுதேவாவோ மலேயாவில் ஜப்பானியரோடு பொருது மாண்டவர். இத்தகைய குடும்பத்திற் பிறந்த சோமநாதர், டேராடூன் ராணுவக் கல்லூரியிற் பயின்று, 1942-ஆம் வருடம் பிப்ரவரி மாதத்தில், பிற்காலத்தில் குமாவோன் எனப் பெயர் பெற்ற ஹைதராபாத் காலாட்படையில் அதிகாரியாயினார். பர்மாவின் அரக்கான் போர்முனையிலும் தொண்டு புரிந்தார்.

1947-ஆம் வருடம் அக்டோபரில் எல்லைப்புறப் பழங்குடிப் படையினர் காச்மீரத்துட் புகுந்து ஸ்ரீநகரை நோக்கி வந்தனர். 27-ஆம் தேதி முதல் நமது சேனை ஆகாய விமானங்களில் அங்கு இறங்கலாயிற்று. அந்நகரின் விமான நிலையம் பகைவர் கைப்படின் உதவிப்படை வந்திறங்கும் வழியே அடைபட்டுவிடும். அச்சமயம் சோமநாதருக்கு ஹாக்கி ஆட்டத்தில் இடக்கை முறிந்து மாக்கட்டுப் போடப்பட்டிருந்தது. பின்தங்கி இளைப்பாற அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. ஒருவரும் குறை கூறியிரார். அவரோ தம் கம்பெனியுடன் செல்லவேண்டுமென வற்புறுத்தி அனுமதி பெற்று, விமானமேறினார்.

நவம்பர் 3-ஆம் தேதி, விமான நிலையத்தை அடுத்த பட்காம் கிராமத்தைக் காவல் செய்ய அக்கம்பெனி அனுப்பப்பட்டது. பிற்பகலில் கிராமத்து வீடுகளிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. குடிமக்கள் மடிவரே என்றஞ்சி அவ்வீடுகள்மேற் சுடாது பொறுத்தார் சோமநாதர். அதற்குள் ஏறத்தாழ 500 பகைவர் மூன்று புறமும் சூழ்ந்துகொண்டனர். நம்மவர் ஒருவர்க்கு அவர் எழுவர். அவர் குண்டுமாரிக்கிடையே திறந்த வெளியில் ஓடியோடித் தம் வீரரை ஊக்கினார். நமது விமானங்களுக்கு இலக்குக் காட்டும்பொருட்டுப் பகைவர் கண்ணெதிரே துணிகளை விரித்தார். துப்பாக்கி இயக்குவோர் பலர் வீழவே, மாக்கட்டிட்ட கையோடு தாமே தோட்டாக்களை நிரப்பிக் கொடுக்கலானார். பகைவர் ஐம்பது கஜ தூரத்தில் நெருங்கிவிட்டனர் என்றும், தாம் ஓர் அங்குலமும் பின்வாங்கப் போவதில்லை என்றும் தலைமையிடத்துக்கு அறிவித்த சிறிது நேரத்தில், மார்ட்டர் குண்டொன்று அத்தோட்டாக் குவியலின்மேல் விழுந்து வெடித்தது. இருபத்து நான்கு வயதிலேயே அவ்வீரர் வானுலகெய்தினார்.

தலைவரை இழந்த பின்னும் வீரர் போரை விடவில்லை. பகைவர் ஆறு மணி நேரம் தடைப்பட்டனர். அதற்குள் நமது உதவிப்படை ஹம்ஹமாவில் நிலைகொண்டது. விமான நிலையம் பிழைத்தது. சட்டைப்பையில் இருந்த கீதையின் சில ஏடுகளும் துப்பாக்கியுறையுமே அவர் உடலை அடையாளங் காட்டின என்பர். 1950-இல் பரம வீர சக்கரம் ஏற்படுத்தப்பட்டபோது அது முதலில் இவர்க்கே உரியதாயிற்று. இவருடைய தம்பியார் விசுவநாத சர்மா 1988 முதல் 1990 வரை நமது தரைப்படையின் தலைமைப் பதவி வகித்தார்.

அன்பர்களே! அன்று அவருடன் இருபதுக்கு மேற்பட்ட குமாவோன் வீரரும் மாண்டனர். அவர்தம் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சோமநாதரைப் போற்றுங்கால் அவர்களையும் உடன் நினைத்தலே முறை. பொய்க் காரணம் கூறிக் கடமையினின்று நழுவுவோரை உலகம் இகழும். மெய்யாகவே காரணம் இருந்தும் அதனைக் கொள்ளாதவர் மிகச் சிலரே. ஆதலின், பள்ளி செல்லும் நம் சிறார்க்கு இவர் வீழ்ந்த வீரத்தை மட்டுமன்றி, முறிந்த கையோடு இவர் புறப்பட்ட அந்நாளையும் பெற்றோர் எடுத்துக் கூறுவாராக.