புதிர் போட்ட குமாஸ்தா

பேப்பர் வந்ததும் புதிர்ப் பகுதியைத் தேடுகிறவரா நீங்கள்? அப்படியானால் ஹென்றி டூடனியை உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

1857-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, இங்கிலாந்தில் மேஃபீல்டு என்ற கிராமத்தில் பிறந்தார் டூடனி. அவருடைய தாத்தா ஆடு மேய்த்தவர். மேய்ச்சலுக்கு நடுவே தானாகவே கணக்குப் படித்து, பின்னாளில் வாத்தியார் ஆனவர். பேரனுக்கும் கணக்குப் பித்து ஒட்டிக்கொண்டது. 9 வயதிலேயே புதிர் எழுதி, உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்டான் அந்தப் பொடியன்!

13 வயதில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்லூரிப் படிப்பு இல்லை. மற்ற நேரமெல்லாம் புதிர்தான். 'ஸ்பிங்க்ஸ்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வழிப்போக்கர்களை மடக்கி விடுகதை கேட்குமே, கிரேக்கக் கதையில் வரும் விசித்திரப் பிராணி, அதன் பெயர் அது.

பழைய புதிரையே போட்டால் யார் சீந்துவார்கள்? டூடனி அதைப் புதிதாக மாற்றுவார். மாயச் சதுரம் உங்களுக்குத் தெரியும். 9 கட்டங்களில் 1 முதல் 9 வரை எழுதினால், எப்படிக் கூட்டினாலும் 15 வரும். பகா எண்களை மட்டும் வைத்து இப்படிச் செய்ய முடியுமா என்று யோசித்தார் டூடனி. 1900-இல் செய்தும் காட்டினார்.

67, 1, 43
13, 37, 61
31, 73, 7

குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை கூட்டிப் பாருங்கள். எல்லாம் 111! (1-ஐயும் பகா எண்ணாகச் சேர்த்த காலம் அது.)

அமெரிக்காவின் புதிர் மன்னர் சாம் லாய்டும் இவரும் கடிதம் வழியே புதிர்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஆனால் லாய்ட், டூடனியின் புதிர்களைத் தம்முடையவை போலவே அச்சிட ஆரம்பித்தார். டூடனிக்கு வந்த கோபத்தைப் பார்த்து, அவருடைய சின்ன மகளே நடுங்கிப்போனாளாம். நட்பு முறிந்தது.

டூடனி தன் வேலையை விடவில்லை. 1910 முதல் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் அவருக்குத் தனிப் பகுதியே கிடைத்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வந்த அதே இதழ்! 1930-இல் இறக்கும்வரை 20 ஆண்டுகள் அதில் புதிர் போட்டார். ஆங்கிலத்தில் 'செண்ட்' என்ற சொல்லையும் 'மோர்' என்ற சொல்லையும் கூட்டினால் 'மனி' வர வேண்டும், ஓர் எழுத்துக்கு ஓர் இலக்கம் என்ற புகழ்பெற்ற புதிர் 1924-இல் அங்கேதான் வந்தது. இரண்டு நான்கு இலக்க எண்களைக் கூட்டினால் ஐந்து இலக்கம் வருகிறது அல்லவா? அப்படியானால் 'எம்' என்ற எழுத்து 1-ஆகத்தான் இருக்க முடியும். மீதியை நீங்கள் கண்டுபிடியுங்கள். 9567 + 1085 = 10652 என்று வந்தால் சரி.

இந்த ஸ்ட்ராண்ட் இதழை நம் ஊர்க்காரர் ஒருவர் அறைக்கும் ஒரு நண்பர் கொண்டுவந்தார். 1914 டிசம்பர் மாதம், கேம்பிரிட்ஜ். நண்பர், பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தவர், நம் கும்பகோணத்து ராமானுஜன்!

புதிர் இதுதான். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒருவர் வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவர் வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடை கண்டிருந்தார்: 288 வீடுகள், அவருடையது 204. ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 50, 500 என்ற எல்லை எதுவும் இல்லாமல், இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் விடை அதிலேயே இருந்தது!

8 வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் எண் வீடு இப்படி அமையும். 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-ம் 8-ம் சேர்ந்தாலும் 15. இந்தத் தெருவுக்கும் 288 வீட்டுத் தெருவுக்கும் நடுவே இன்னும் ஒரே ஒரு தெரு இருக்கிறது. அதில் எத்தனை வீடுகள்? பென்சிலை எடுங்கள்!

(விடை: 49 வீடுகள். அவர் வீடு 35.)