இசைத்தட்டின் தந்தை எமில் பெர்லினர்

ஒரு பொருள் உலகெங்கும் பரவி வழங்கத் தொடங்கியதும் அதனை முதலிற் செய்தவரின் பெயர் மறைந்துபோவது வழக்கம். கறுத்த வட்டத் தட்டொன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் ஊசியை மெல்ல இறக்கிப் பாட்டுக் கேட்போருள் எமில் பெர்லினரை நினைப்போர் சிலரே. பேசும் இயந்திரம் என்றதும் எடிசனின் பெயரே நம் நாவில் வருகிறது. எடிசனின் பெருமை மெய்யானதே. 1877ஆம் ஆண்டில் மனிதக் குரலைப் பிடித்து மீண்டும் ஒலிக்கச் செய்தவர் அவரே. ஆனால், அவர் பிடித்த குரல் ஓர் உருளையிலே அடைபட்டுக் கிடந்தது. அதனைத் தட்டையான தகட்டில் இறக்கி, ஒன்றைப் பலவாக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் பெர்லினர். இன்று மேனாடுகளில் றொக், பங்க் முதலிய இசைகளின் புதிய தட்டுக்களையும், பழைய தட்டுக்களின் மறுபதிப்புக்களையும் தேடித் தேடிச் சேர்க்கின்றவர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, அவருக்குக் கடன்பட்டவர்களே.

பெர்லினர் 1851ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தை சாமுவேல் வணிகர். யூத சமய நூல்களிற் புலமை மிக்கவர். தாய் சாரா இசையில் ஈடுபாடுடையவர். பிள்ளைகள் பதின்மூவர். பெரிய குடும்பம், சிறிய வருவாய். வுல்பென்பியூட்டல் என்னும் ஊரிலிருந்த பள்ளியிற் பயின்ற எமிலின் கல்வி பதினான்காவது வயதிலேயே முடிந்தது. அதன் பின்னர் அச்சுக்கூடமொன்றிலே தொழில் பழகினார், துணிக்கடையிலே கணக்கெழுதினார். ஓர் அச்சிலிருந்து ஓராயிரம் படிகள் எடுக்கும் தொழிலை இளமையிலேயே கண்ணாற் கண்டவர் அவர் என்பது, அவருடைய பிற்கால வாழ்வை அறிந்தோர்க்குப் பொருத்தமாகத் தோன்றும்.

ஹனோவர் 1866இல் பிரஷ்ய அரசின் கீழ் வந்தது. பிரான்சுடன் போர் மூளும் காலம் நெருங்கியபோது, படையிற் சேராது கடல் கடந்து செல்வதென எமில் துணிந்தார். 1870இல், பத்தொன்பது வயதளவில், அமெரிக்காவை அடைந்து வாஷிங்டன் நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கமர்ந்தார். மூன்று ஆண்டுகளின் பின் நியூயோர்க் சென்றார். அங்கே பகலெல்லாம் கிடைத்த வேலைகளைச் செய்தார். பிற்காலத்திற் சக்கரீன் என்னும் இனிப்புப் பொருளைக் கண்டறிந்த பால்பேர்க்கின் ஆய்வுக்கூடத்திற் போத்தல் கழுவும் பணியும் அவற்றுள் ஒன்று. இரவிலே கூப்பர் கல்விக் கழகத்தின் இலவச வகுப்புக்களுக்குச் சென்றார். பல்கலைக்கழகப் படியை மிதியாத அவருக்கு அக்கழகமே பல்கலைக்கழகமாயிற்று.

1876இல் கிரகாம் பெல்லின் தொலைபேசி உலகை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வேளை வாஷிங்டனுக்குத் திரும்பியிருந்த பெர்லினர், அக்கருவியின் குறையைக் கண்டார். பேசுவோர் குரல் கம்பி வழியே மிக மெலிந்து சென்றது. ஒன்றையொன்று தளர்வாகத் தொடும் இரு உலோகப் பரப்புக்களின்மீது அழுத்தம் கூடிக் குறையும்போது, அவற்றினூடாகப் பாயும் மின்னோட்டமும் கூடிக் குறையும் என்பதை உணர்ந்து, தாம் தங்கியிருந்த அறையிலேயே ஒலிவாங்கி ஒன்றை அமைத்து, 1877இல் அதற்கு ஆக்கவுரிமை கோரினார். கடைச் சிப்பந்தி ஒருவர் செய்த அக்கருவியின் உரிமையைப் பெல் கம்பனி விலை கொடுத்து வாங்கியதுடன், அவரையும் 1878இல் தன் பணியிற் சேர்த்துக்கொண்டது. 1881இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே கோரா அட்லர் என்னும் நங்கையை மணந்தார். சில ஆண்டுகளில் கம்பனியை விட்டு நீங்கி, வாஷிங்டனில் தம் மனம்போற் சோதனைகள் செய்யத் தொடங்கினார்.

அவருடைய சிந்தனை எடிசனின் உருளையின்மீது சென்றது. அதில் ஊசி மேலுங்கீழுமாக அசைந்து பள்ளம் தோண்டும். ஆழத்துக்குச் செல்லச் செல்லத் தடை மிகும், ஒலி சிதையும். அதனினும் பெரிய குறை, உருளையைப் பெருந்தொகையாகப் படியெடுக்க எளிய வழி இல்லாமையே. ஒரு பாடகர் பல இயந்திரங்களின் முன்னே நின்று, ஒரே பாட்டை நாள் முழுதும் திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருந்தது. பெர்லினர் 1857இல் பிரான்ஸ் நாட்டு ஸ்கொட் என்பவர் அமைத்த பழைய கருவியொன்றை ஆராய்ந்தார். குரலின் அசைவைப் புகைக்கரி படிந்த பரப்பிலே கோடாக வரைந்து காட்டுவது அது. அதனாற் பேச இயலாது. ஆனால், அதன் கோடு பக்கவாட்டில் வளைந்து சென்றது. ஆழம் மாறாத அந்தக் கோட்டை உலோகத்திற் பள்ளமாக்கிவிட்டால், அதனுள்ளே செல்லும் ஊசி அசைந்து மீண்டும் குரலை எழுப்பும் என்பதே பெர்லினர் கண்ட உண்மை. 1887ஆம் ஆண்டு நவம்பரில் இதற்கான ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. தம் கருவிக்குக் கிராமபோன் எனப் பெயரிட்டார்.

கோட்டைப் பள்ளமாக்க முதலில் ஒளிச்செதுக்கல் முறையைக் கையாண்டார். அது சிரமமாயிருக்கவே, வேறு வழி கண்டார். துத்தநாகத் தகட்டின்மேல் தேன்மெழுகின் மிக மெல்லிய படலமொன்றைப் பூசினார். குரலுக்கேற்ப அசையும் ஊசி அப்படலத்தைக் கீறிச் செல்லும். பின் தகட்டை அமிலத்திலிட்டால், கீறிய இடத்தில் மாத்திரம் உலோகம் அரிபட்டுச் சுருள்வடிவப் பள்ளம் உண்டாகும். அத்தகட்டிலிருந்து மின்முலாம் முறையால் எதிர்வடிவ அச்சு ஒன்றை எடுத்து, இளகிய பொருளின்மேல் அழுத்தினால், மூலத்தை ஒத்த தட்டு ஒன்று பிறக்கும். மீண்டும் அழுத்தினால் இன்னொன்று. பாடியவர் ஒருமுறை பாடினாற் போதும். எழுத்துக்கு அச்சு செய்த உதவியை இசைக்கு இந்த முறை செய்தது. இதுவே பெர்லினர் உலகுக்கு அளித்த கொடை.

1888ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி பிலடெல்பியாவின் பிராங்ளின் கழகத்தில் அறிஞர் முன்னிலையில் அவர் தம் கருவியை இயக்கிக் காட்டினார். அன்று அவர் நிகழ்த்திய உரை இன்று நோக்கின் வியப்பளிப்பது. புகழ்பெற்ற பாடகர்கள் தம் தட்டுக்களின் விற்பனையிற் பங்குத்தொகை பெறுவர் என்றும், மக்கள் தட்டுக்களைச் சேர்த்து வைத்து, மாலைப் பொழுது முழுவதையும் வீட்டிலிருந்தே இசை கேட்டுக் கழிப்பர் என்றும் அவர் அன்றே எதிர்வு கூறினார். தட்டுச் சேகரிப்போர் என்னும் கூட்டம் தோன்றுமுன்னரே அவர்களைக் கண்டவர் அவர்.

ஆயினும் உலகம் உடனே அவரை வரவேற்கவில்லை. அடுத்த ஆண்டு ஜேர்மனி சென்றபோது அவருக்கு வாய்த்தது ஒரு விளையாட்டுப் பொருட் கம்பனியின் ஆதரவே. சிறுவர் கையாற் சுற்றும் பொம்மைக் கருவியாக, ஐந்து அங்குலத் தட்டுக்களுடன், கிராமபோன் முதன்முதலிற் கடைக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவில், முதலில் வாஷிங்டனிலும், 1895 முதற் பிலடெல்பியாவிலும் கம்பனிகள் அமைத்து, ஏழு அங்குலத் தட்டுக்களை வெளியிட்டார். ஒரு பக்கத்தில் மாத்திரம் ஏறத்தாழ இரண்டு நிமிட இசை. முதலில் வழங்கிய கடின இறப்பர் வளைந்து நெளிந்தது. அதனால் அரக்குக் கலவைக்கு மாறினார். இந்தியக் காடுகளின் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பொருள், இவ்வாறு உலகத்தின் பாட்டைத் தாங்கும் பொருளாயிற்று. கையாற் சுற்றுவதால் வேகம் கூடியும் குறைந்தும் பாட்டைக் கெடுத்தது. கம்டன் நகரிற் சிறு இயந்திரப் பட்டறை நடத்திய எல்ட்றிட்ஜ் ஜோன்சன், சாவி முறுக்கி இயக்கும் வில்விசைப் பொறியைச் செய்து 1896இல் அக்குறையையும் நீக்கினார். அமிலம் அரித்த பள்ளத்தின் கரகரப்பைப் போக்க, மெழுகிற் பதியும் முறையை வகுத்தவரும் அவரே. பெர்லினரின் தட்டு வீடுதோறும் நுழைந்ததில் ஜோன்சனுக்குரிய பங்கை மறுத்தல் நீதியன்று.

வெற்றி கைகூடிய வேளையிலேதான் பேரிடி வந்தது. அமெரிக்காவில் விற்பனை செய்யும் தனியுரிமையைப் பெர்லினர் பிராங் சீமன் என்னும் வணிகருக்கு ஒப்பந்த மூலம் வழங்கியிருந்தார். இருவருக்குமிடையே மனக்கசப்பு முற்றியது. சீமன் வேறொரு பெயரில் அதே போன்ற கருவியைத் தாமே விற்கத் தொடங்கி, எதிர்த்தரப்பு ஆக்கவுரிமையாளருடன் சேர்ந்துகொண்டார். வழக்கின் முடிவில், 1900ஆம் ஆண்டில், பெர்லினரின் கம்பனி தன் பொருள்களை அமெரிக்காவில் விற்கலாகாதென நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தாம் கண்ட கருவியைத் தாம் வாழும் நாட்டில் விற்க முடியாத நிலை! அவர் இட்ட கிராமபோன் என்னும் பெயரும் அந்நாட்டு வணிகத்தில் வழக்கிழந்தது. ஜோன்சன் தொழிலைக் கையேற்று, 1901இல் விக்டர் கம்பனியை நிறுவிப் பெரும் பொருள் ஈட்டினார்.

அந்நாட்டில் மூடிய கதவு பிற நாடுகளில் திறந்திருந்தது. கனடாவின் மொன்றியல் நகருக்குப் பெர்லினர் தம் தொழிலை மாற்றினார். 1898இலேயே இலண்டனில் கிராமபோன் கம்பனியும், சகோதரர் ஜோசப்பின் துணையுடன் ஹனோவரில் டொய்ச்ச கிராமபோன் நிறுவனமும் தோன்றியிருந்தன. பிந்தியது இன்றும் மேலை மரபிசைக்குப் பெயர்பெற்றது. பேழையொன்றிலிருந்து வரும் எசமானின் குரலுக்குச் செவி சாய்த்திருக்கும் நாயின் ஓவியத்தை அறியாதார் யார்? ஓவியர் பராட் முதலில் வரைந்தது உருளைக் கருவியையே. 1899இல் இலண்டன் கம்பனியின் விருப்பப்படி அதனை மறைத்துக் கிராமபோனைத் தீட்டினார். அதனை 1900இல் அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தவர் பெர்லினர். அவரிடம் தொழில் பழகிய பிரெட் கைஸ்பேர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைத் தட்டிற் பதிந்தார். அன்று தொட்டு நம் அயல்நாட்டு இசையும் இசைத்தட்டில் ஏறலாயிற்று.

தொழிலில் நேர்ந்த இழப்பு அவர் உள்ளத்தைக் கசப்பாக்கவில்லை. அவருடைய குழந்தையொன்று 1900ஆம் ஆண்டளவில் வயிற்று நோயால் வருந்தியது. காய்ச்சாத பாலே அத்தகைய நோய்களுக்குக் காரணமென உணர்ந்த அவர், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் வழக்கத்தைப் பரப்புவதில் நெடுங்காலம் உழைத்தார். தாயின் நினைவாக, அறிவியல் ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு 1908இல் உதவித்தொகை ஏற்படுத்தினார். மகன் ஹென்றியுடன் சேர்ந்து, நிலத்திலிருந்து நேரே மேலெழும் ஹெலிகொப்டர் முயற்சிகளிலும் ஈடுபட்டார். 1929இல் பிராங்ளின் கழகம் அவருக்குத் தன் உயரிய பதக்கத்தை வழங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி வாஷிங்டனில் அவர் உயிர் நீத்தார். தம் இறுதிச் சடங்கிற் செலவைச் சுருக்கி, கைக்குழந்தையுடைய ஏழைத் தாய்மார்க்குப் பொருளுதவி செய்யுமாறு குடும்பத்தினரைக் கேட்டிருந்தார்.

அவர் மறைந்தபின் தட்டின் பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. 1948இல் கொலம்பியா கம்பனி அரக்கை விடுத்து வைனில் என்னும் செயற்கைப் பொருளில் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. விக்டரின் வழிவந்த ஆர். சி. ஏ. கம்பனி 1949இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டை வெளியிட்டது. பெர்லினரின் அமெரிக்கத் தட்டுக்களின் அதே அளவு! றொக் இசை அச்சிறு தட்டிலேயே இளைஞரிடம் சென்றது. இலண்டனின் பழைய கிராமபோன் கம்பனி 1931இல் வேறொரு கம்பனியுடன் இணைந்து ஈ. எம். ஐ. நிறுவனமாயிற்று, பீட்டில்ஸ் குழுவினரின் தட்டுக்களை வெளியிட்டது அந்நிறுவனமே. 1976இல் பங்க் இசைக்குழுவாகிய செக்ஸ் பிஸ்டல்சின் முதலாம் தட்டை வெளியிட்டு, அடுத்த ஜனவரியில் அவர்களைக் கைவிட்டதும் அதுவே.

அந்த 1977ஆம் ஆண்டு ஜனவரியில், மன்செஸ்டர் நகரின் பஸ்கொக்ஸ் குழுவினர் எந்தப் பெருங் கம்பனியையும் நாடவில்லை. ஐந்நூறு பவுண் கடன் பெற்று, தாமே ஏழு அங்குலத் தட்டொன்றை ஆயிரம் பிரதிகள் அச்சிட்டனர். சுருள் கீறல் எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். பெர்லினர் மெழுகிற் கீறிய சுருளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமோ? சிறு முதலில் ஆயிரம் படிகள் எடுக்கலாம் என்பதாலேயே, பெரியோர் மறுத்த குரல்களும் உலகின் செவிக்கு எட்டின. நாற்பது ஆண்டுகளின் பின், 2017இல், அதே தட்டு மறுபதிப்பாக வந்து மீண்டும் விலைபோயிற்று.

குறுந்தட்டு 1982இல் வந்தபோது வைனில் தட்டின் காலம் முடிந்ததெனப் பலர் எண்ணினர். ஆனால், 2022இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 4 கோடி 10 இலட்சம் வைனில் தட்டுக்கள் விற்பனையாகி, எண்ணிக்கையிற் குறுந்தட்டை முந்தின. 1987க்குப் பின் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. இன்றும் மறுபதிப்புச் செய்வோர் மூலப் பதிவிலிருந்து ஒரு தட்டை வெட்டி, அதற்கு உலோக எதிரச்சு எடுத்து, இளகிய வைனிலை அழுத்துகின்றனர். பொருள்கள் வேறு, முறை பெர்லினர் வகுத்ததே.

சந்தையைப் பிறர் கொண்டனர். பெயரை நீதிமன்ற வழக்கு விழுங்கியது. எனினும், ஒருமுறை பாடிய குரல் பாடியவன் மறைந்த பின்னும் புதிதாய்ப் பிறந்துகொண்டே இருக்கலாம் என்னும் உண்மையை எவராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. தன் பெயர் பொறிக்கப்படாத ஒவ்வொரு தட்டிலும் அவர் வாழ்கிறார். ஒரு மனிதனின் உழைப்புக்கு இதனினும் நீண்ட ஆயுள் வேறு ஏது?