தில்லையாடி வள்ளியம்மை

பெயரோடு தில்லையாடி ஒட்டியிருப்பினும், வள்ளியம்மை 1898இல் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் நகரில்.

அந்நாட்டு நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத இந்தியர், ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி செலுத்த வேண்டியிருந்தது. பால்மரம் சீவிய பெற்றோரின் பிள்ளைகளாகிய தாசேக் கெலுகோர் வாசிகள் நாம். அக்கொடுமையை நமக்கு விளக்க வேண்டுவதில்லை. கிறித்துவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்றும் 1913இல் அங்கு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காந்தியடிகளின் அறப்போரில் பெண்களும் இறங்கினர்.

எல்லைச் சட்டத்தை மீறிய வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறையில் கொடுங்காய்ச்சல் கண்டு, எலும்புந் தோலுமாய் வெளிவந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாரோ எனக் காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் செல்லவும் ஆயத்தமாக இருப்பதாகவே கூறினார். 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தார், வயது பதினாறே.

அவ்வாண்டிலேயே வரி ஒழிந்தது. எல்லா இனத்தவரும் வாக்களிக்கவோ அந்நாடு 1994 வரை காத்திருந்தது.